செல்ஃப் மாற்றிய பிறகு

கீழ்பவானி வாய்க்காலில் தண்ணீர் திறந்து நான்காம் நாள், கோபிசெட்டிப்பாளையம் பக்கத்து எங்கள் வயலில் சேற்றுழவு பாதியில் நின்றது. மூன்று சிலிண்டர் டீசல் மினி டிராக்டர். செல்ஃப் மோட்டாரின் ஆர்மேச்சர் கருகிப்போயிருந்தது. புது மோட்டார் வாங்கிவந்தோம். பழையதைக் கழற்றிப் புதியதை மாட்டி, பேட்டரி ஒயரை முறுக்கிச் சாவியைத் திருப்பினோம். செல்ஃப் எடுக்கவில்லை. கூடவே விளக்கு எரியவில்லை, ஹாரன் அடிக்கவில்லை, மீட்டர் முள்ளும் அசையவில்லை. முந்தின நாள்வரை செல்ஃப் ஒன்றுதான் பழுது. இப்போது வண்டியில் மின்சாரமே இல்லை.

பார்க்க வந்தவர்கள் ஆளுக்கொன்று சொன்னார்கள். "புது மோட்டாரே சரியில்லைங்க." "பேட்டரி செத்துப்போச்சுங்க." "சாவி சுவிட்சை மாத்திப் பாத்தரலாமுங்க." ஒவ்வொரு யோசனைக்கும் ஒரு விலை உண்டு; வாய்க்கால் தண்ணீர் நம் வேலைக்காகக் காத்திருக்காது. அன்று பட்ட தவிப்பில்தான் இந்த விஷயத்தை முழுதாகத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று முனைந்தேன். ஒயரிங் கடைகளில் உட்கார்ந்து கேட்டும், சர்வீஸ் புத்தகங்களைப் படித்தும், சொந்த வண்டியிலும் அக்கம்பக்கத்து வண்டிகளிலும் மீட்டர் வைத்துப் பார்த்தும் தெரிந்துகொண்டதைச் சேர்த்து வைத்துப் பார்த்தால் ஒரு முடிவுக்கு வர முடிகிறது. செல்ஃப் மாற்றியதும் தலைகாட்டும் மின்பழுது பெரும்பாலும் புதுப் பொருளில் இருப்பதில்லை. மாற்றும்போது கை பட்ட இடத்திலோ, பழைய மோட்டாரையே கருக வைத்த இன்னொரு மூல காரணத்திலோ இருக்கிறது. இரண்டையும் அளந்தால் காணலாம். ஊகித்தால் பணம்தான் போகும்.

நாம் செல்ஃப் என்று சுருக்கிச் சொல்லும் செல்ஃப் ஸ்டார்ட்டரை 1911 இல் அமெரிக்காவில் சார்லஸ் கெட்டரிங் செய்து காட்டினார். கேடிலாக் நிறுவனத்தின் 1912 மாடல் காரில் அது விற்பனைக்கு வந்தது. அதற்கு முன் அவர் கடைகளின் கல்லாப்பெட்டி இயந்திரத்துக்கு மின்மோட்டார் பொருத்தியவர். கல்லாப்பெட்டி மோட்டார் நாளெல்லாம் ஓட வேண்டியதில்லை, ஒரு கணம் வலுவாக இழுத்தால் போதும். கொஞ்ச நேரமே ஓடும் மோட்டாருக்கு அதன் அளவுக்கு மிஞ்சிய சுமையைக் கொடுக்கலாம் என்ற அந்த அறிவுதான் இன்ஜினைச் சுற்றும் சின்ன மோட்டாருக்கும் அடிப்படை. பத்து நொடிக்கு மேல் சாவியைப் பிடிக்காதே, அரை நிமிடமாவது ஆறவிடு என்று புத்தகம் சொல்வது இதனால்தான். சேற்றில் நின்ற வண்டியை எடுக்கும் அவசரத்தில் விடாமல் பிடித்ததால் கருகிய ஆர்மேச்சர்கள் ஏராளம்.

மினி டிராக்டரின் செல்ஃப் மோட்டார் ஏறத்தாழ ஒரு கிலோவாட் அல்லது அதற்குச் சற்று மேல். சுற்றும்போது பேட்டரி 10 வோல்ட் தருவதாக வைத்துக்கொண்டால் ஓட்டம் 100 ஆம்பியரைத் தாண்டும். இன்ஜின் அசையாமல் நிற்கும் முதல் கணத்தில் இன்னும் பல மடங்கு இழுக்கும். பக்கத்திலேயே 55 வாட் முகப்பு விளக்கு ஐந்து ஆம்பியர்கூட எடுப்பதில்லை. "விளக்குத்தான் பளிச்சுனு எரியுதே, பேட்டரியும் ஒயரும் நல்லாத்தானே இருக்குது" என்ற பேச்சு ஏன் செல்லாது என்பதற்கு இந்தக் கணக்கே போதும். ஐந்து ஆம்பியருக்கு வழிவிடும் இணைப்பு நூற்றைம்பது ஆம்பியருக்கு வழிவிடும் என்று எந்த உறுதியும் இல்லை.

வண்டிக்குள் மின்சாரம் மூன்று தடங்களில் போகிறது. பேட்டரி பிளஸ்ஸிலிருந்து தடித்த ஒயரில் செல்ஃபுக்கு வந்து, மோட்டார் வழியாக இன்ஜின் உடலில் இறங்கி, எர்த் பட்டை வழியாகப் பேட்டரி மைனஸுக்குத் திரும்புவது பெரிய தடம். சாவி சுவிட்சிலிருந்து கிளச் சுவிட்ச், நியூட்ரல் சுவிட்ச் என்று கடந்து செல்ஃபின் சின்ன முனைக்கு வரும் மெல்லிய ஒயர் இரண்டாவது. அது செய்யும் வேலை ஒன்றே: செல்ஃபோடு சேர்ந்திருக்கும் மின்காந்தச் சுவிட்சான சாலினாய்டை இழுக்கச் சொல்வது. விளக்கு, ஹாரன், மீட்டர், ஹீட்டர் பிளக், டைனமோவிலிருந்து திரும்பிவரும் சார்ஜ் எல்லாம் மூன்றாவது தடத்தைச் சேர்ந்தவை. இந்த மூன்றும் சந்திக்கும் இடம் எது என்பதில்தான் எங்கள் வண்டியின் கதை அடங்கியிருந்தது.

பல மினி டிராக்டர்களில், குறிப்பாக ஜப்பானியத் தொழில்நுட்ப வழி வந்தவற்றில், பேட்டரி பிளஸ் நேராக ஃபியூஸ் பெட்டிக்குப் போவதில்லை. முதலில் செல்ஃபின் பெரிய போல்ட்டுக்கு வருகிறது. அங்கிருந்து மெல்லிய ஒயர் ஒன்று கிளம்பி வண்டி முழுவதற்கும் மின்சாரம் கொண்டுபோகிறது. பெரிய வாய்க்காலிலிருந்து மடை பிரிவது போலத்தான். பேட்டரி ஒயர் எப்படியும் செல்ஃபுக்கு வந்தாக வேண்டும். அங்கேயே மற்றதைப் பிரித்துக்கொண்டால் இன்னொரு தடித்த ஒயரை முன்னே இழுக்க வேண்டாம். இதைச் செய்தவர்களுக்குச் சிக்கனம். செல்ஃப் மாற்றுபவருக்கு இதுதான் பொறி. நட்டைக் கழற்றும்போது தடித்த ஒயரோடு அந்த மெல்லிய ஒயரின் ரிங் லக்கும் கழன்றுவிடும். அது நழுவி ஆயில் ஃபில்டருக்குப் பின்னால் விழுந்தால் கண்ணுக்கே தெரியாது. புது மோட்டாரை மாட்டுபவர் கையில் தடித்த ஒயர் இருக்கிறது, சின்ன பிளக் இருக்கிறது. எல்லாம் சேர்ந்துவிட்டதாகவே நினைப்பார். எங்கள் வண்டியில் நடந்ததும் அதுவே. ஒன்றரை நாள் தேடலுக்குப் பிறகு, டார்ச் அடித்துப் பார்த்த ஒரு பையன் எண்ணெய்ப் பிசுக்குக்குள் கிடந்த சிவப்பு ஒயரைத் தூக்கிக் காட்டினான்.

ஒயரை வைக்க மறந்தால் வண்டி இறந்ததுபோல் கிடக்கும். தவறான போல்ட்டில் வைத்தால் இன்னும் விசித்திரமாக நடக்கும். சாலினாய்டில் பெரிய போல்ட்டுகள் இரண்டு உண்டு. பேட்டரி வரும் போல்ட்டை ஜெர்மன் முறையில் 30 என்றும், ஜப்பானிய முறையில் 'பி' என்றும் குறிப்பார்கள். மோட்டாருக்குள் இறங்கும் போல்ட் 'எம்'. சாவியிலிருந்து வரும் சின்ன முனை ஜெர்மன் முறையில் 50, மற்றதில் 'எஸ்'. அந்தச் சிவப்பு ஒயரைத் தவறிப்போய் 'எம்' போல்ட்டில் வைத்துவிட்டால் சாலினாய்டு மூடியிருக்கும்போது மட்டும்தான் அதில் மின்சாரம் வரும். தடித்த பேட்டரி ஒயரையே 'எம்' போல்ட்டில் வைத்தால் பேட்டரியைத் தொட்ட கணமே மோட்டார் பல்லோடு சேராமல் தனியே ஊளையிட்டுச் சுற்றும். இரண்டு போல்ட்டும் ஒரே அளவு, ஒரே நிறம். பழைய மோட்டாரைக் கழற்றும் முன் கைபேசியில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள் என்று எல்லோரிடமும் சொல்கிறேன். ஒயர்களில் வண்ண டேப் சுற்றிக்கொள்வது அதைவிட நல்லது.

அந்த மெல்லிய ஒயரைப் பற்றி இன்னொன்றும் உண்டு. அதன் தொடக்கத்தில் ஒரு சாண் நீளத்துக்கு மட்டும் வேறு வகைக் கம்பியை வைத்திருப்பார்கள். அளவு மீறினால் தானே உருகி வண்டியைக் காப்பாற்றும் ஃபியூஸ் கம்பி அது. செல்ஃபைக் கழற்றும்போது பேட்டரி மைனஸை முதலில் எடுக்காமல் ஸ்பேனரைப் போட்டு, அது இன்ஜின் உடலில் பட்டுத் தீப்பொறி பறப்பதைப் பலர் பார்த்திருப்பார்கள். பேட்டரியின் பிளஸ்ஸையும் மைனஸையும் மாற்றி வைத்துவிட்டால் டைனமோவின் டயோடுகளோடு சேர்ந்து இந்தக் கம்பியும் போய்விடும். மேலுறை உருகாமல் உள்ளே மட்டும் எரிந்திருந்தால் பார்வைக்கு ஒன்றும் தெரியாது. இரண்டு முனைகளையும் பிடித்து மெல்ல இழுத்துப் பாருங்கள். ரப்பர்போல் நீண்டால் உள்ளே கம்பி இல்லை என்று பொருள். அதற்குப் பதிலாகக் கையில் கிடைத்த தடித்த ஒயரை வைத்து முறுக்கிவிடும் வழக்கம் ஊரெங்கும் இருக்கிறது. அதை ஒருபோதும் செய்யக் கூடாது. அடுத்த முறை எலி கடித்து ஒயர் உடலில் பட்டால், உருக வேண்டிய இடம் உருகாமல் வண்டியின் ஒயரிங் முழுவதும் தீப்பிடிக்கும். டீசல் டேங்கும் அதே பானெட்டின் கீழ்தான் இருக்கிறது.

சிவப்பு ஒயரை உரிய இடத்தில் வைத்ததும் விளக்கு வந்தது, ஹாரன் வந்தது. செல்ஃபும் சுற்றியது, ஆனால் முனகிக்கொண்டே. இரண்டு சுற்றுச் சுற்றி நிற்கும், பிறகு 'டக் டக் டக்' என்று அடிக்கும். பழைய மோட்டாரும் கடைசி மாதங்களில் இப்படித்தான் முனகியது என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. அதற்கு வயதாகிவிட்டது என்று நாங்கள் நினைத்தோம்.

அந்த 'டக் டக்' எப்படி வருகிறது என்று புரிந்துகொண்டால் பாதிப் பழுது பிடிபடும். சாலினாய்டுக்குள் இரண்டு சுருள்கள் உண்டு. ஒன்று இழுக்கும் சுருள்; அதன் மறுமுனை மோட்டார் வழியாகத்தான் எர்த் ஆகிறது. மற்றது பிடித்துவைக்கும் சுருள்; அது நேராக உடலில் எர்த். சாவியைத் திருப்பினால் இரண்டும் சேர்ந்து உள்தண்டை இழுத்துப் பல்லை ஃபிளைவீலில் சேர்த்து, பெரிய தொடுமுனைகளை மூடுகின்றன. மூடியதும் இழுக்கும் சுருளின் இரு முனைகளிலும் ஒரே வோல்ட்டேஜ் வந்துவிடுவதால் அது ஓய்ந்துவிடும். மெல்லிய சுருள் மட்டும் பிடித்துக்கொண்டிருக்கும். பேட்டரி சோர்ந்திருந்தாலோ இணைப்பில் தடை இருந்தாலோ, மோட்டார் இழுத்த கணத்தில் வோல்ட்டேஜ் சரியும்; பிடித்துவைக்கும் சுருளுக்கு வலு போதாமல் தண்டு விலகும்; சுமை போனதும் வோல்ட்டேஜ் ஏறும்; மறுபடி இழுக்கும். நொடிக்குப் பல முறை இது நடப்பதுதான் நம் காதில் விழுகிறது. ஆகவே அந்தச் சத்தம் கேட்டால் சாவி சுவிட்சையும் கிளச் சுவிட்சையும் பெரும்பாலும் விட்டுவிடலாம். கட்டளை வந்து சேர்ந்திருக்கிறது, தெம்புதான் வரவில்லை. சத்தமே இல்லையென்றால் சின்ன ஒயரின் பக்கம் தேட வேண்டும். அப்போதும் ஒன்றை மறக்கக் கூடாது. இழுக்கும் சுருளின் எர்த் மோட்டார் வழியாக என்பதால், 'எம்' போல்ட்டின் நட் தளர்ந்திருந்தாலோ கார்பன் பிரஷ் தேய்ந்திருந்தாலோ சாலினாய்டு பழுதானதுபோல் ஊமையாகிவிடும்.

பழுது தேடும் முறைகளில் நம் ஊரில் அதிகம் புழங்குவது மாற்றிப் பார்ப்பது. கடையில் உதிரி கையிருப்பில் இருக்கும். மாட்டிப் பார்த்துச் சரியானால் பில் போடுவார்கள். அனுபவமுள்ள மெக்கானிக் கையில் இது வேகமான முறை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நாமே வாங்கி மாட்டிய மின்சாதனத்தை உதிரிக் கடை திரும்ப வாங்காது. மாற்றும்போது கழற்றி மாட்டிய அசைவிலேயே தளர்ந்த இணைப்பு ஒன்று தற்காலிகமாகச் சேர்ந்து, புது உதிரியால் சரியானதுபோல் காட்டிவிடும். பத்து நாள் கழித்து அதே பழுது திரும்பும். எங்கள் பழைய மோட்டாரை வீணாகப் பலிகொடுத்ததும் இப்படி அளக்காமல் ஊகிக்கும் பழக்கம்தான் என்று பின்னால் தெரிந்தது.

மல்ட்டிமீட்டரை ஓம் பக்கம் வைத்து ஒயர் தொடர்கிறதா என்று பார்ப்பது இன்னொரு முறை. 'பீப்' வந்தால் ஒயர் நல்லது என்று முடிவு கட்டிவிடுவார்கள். மெல்லிய ஒயர்களுக்கு இது ஓரளவு உதவும். பெரிய தடத்தில் இது ஏமாற்றும். தடித்த ஒயரில் அத்தனை இழையும் அறுந்து ஒற்றை இழை மிஞ்சியிருந்தாலும் மீட்டர் பீப் அடிக்கும். செல்ஃபை முடக்க 0.01 ஓம் தடை போதும். மீட்டரின் சொந்த ஒயர்களுக்கே அதைப்போல் பல மடங்கு தடை உண்டு. அதனால் எதை அளப்பது? 150 ஆம்பியர் ஓடும்போது அந்த 0.01 ஓம் 1.5 வோல்ட்டை விழுங்கிவிடும். அந்த ஓர் இணைப்பில் மட்டும் 225 வாட் வெப்பமாகப் போகிறது. செல்ஃப் அடித்த உடனே இணைப்புகளை விரலால் தொட்டுப் பார்க்கும் பழைய மெக்கானிக்குகளின் வழக்கத்துக்கு இந்தக் கணக்குத்தான் அடிப்படை. சுடும் இடத்தில் பழுது இருக்கிறது.

டெஸ்ட் லேம்ப் எனக்குப் பிடித்த கருவி. 21 வாட் இண்டிகேட்டர் பல்பில் இரண்டு ஒயர் சேர்த்தால் தயார். டிஜிட்டல் மீட்டர் மின்சாரத்தை எடுத்துக்கொள்வதே இல்லை எனலாம். ஆகவே துருப்பிடித்து நூலளவு ஒட்டியிருக்கும் இணைப்பிலும் 12 வோல்ட் என்று அது காட்டும். பல்ப் ஏறத்தாழ 1.75 ஆம்பியர் கேட்கும். கொடுக்க முடியாத இணைப்பில் மங்கும் அல்லது எரியாது. சாவி சுவிட்ச், கிளச் சுவிட்ச் வரிசையைச் சோதிக்க இதைவிட மலிவும் நேர்மையும் கொண்ட கருவி வேறில்லை.

பெரிய தடத்துக்கு ஒரே சரியான முறை, சுமை ஓடும்போது வோல்ட்டேஜ் எங்கே விழுகிறது என்று அளப்பது. முதலில் கியரை நியூட்ரலில் வைத்து, கைபிரேக் போட்டு, இன்ஜின் பிடிக்காமலிருக்க டீசல் நிறுத்தும் லீவரை இழுத்துவைக்க வேண்டும். பிறகு பேட்டரி. ஓய்வில் 12.6 வோல்ட் இருந்தால் நிறைந்தது, 12.2 என்றால் ஏறத்தாழ பாதி. 12 க்குக் கீழே என்றால் முதலில் சார்ஜ் போட வேண்டும், சோதனை பிறகு. ஆறு அறைகளில் ஒன்று உள்ளே ஷார்ட் ஆனால் 10.5 பக்கம் நிற்கும். ஒருவர் செல்ஃப் அடிக்க, மற்றவர் பார்க்கையில் 9.6 க்குக் கீழே இறங்கினால் பேட்டரியைச் சந்தேகிக்கலாம். மோட்டார் இறுகி அளவுக்கு மீறி இழுத்தாலும் அப்படி இறங்கும். இதற்குப் பிறகுதான் ஒயர்கள். மீட்டரின் சிவப்பு முனையைப் பேட்டரி பிளஸ்ஸின் ஈயக் கொம்பிலேயே வைக்க வேண்டும். கிளாம்ப்பின் மேல் வைத்தால் கிளாம்ப்புக்கும் கொம்புக்கும் இடையிலுள்ள பழுது தெரியாது. கருப்பு முனை செல்ஃபின் 'பி' போல்ட்டில். செல்ஃப் அடிக்கையில் 0.2 வோல்ட், மிஞ்சினால் 0.3. பிறகு 'பி'யிலிருந்து 'எம்'முக்கு. சாலினாய்டின் உள்தொடுமுனைகள் தேய்ந்திருந்தால் இங்கே தெரியும். கடைசியாகச் செல்ஃபின் உடலிலிருந்து பேட்டரி மைனஸ் கொம்புக்கு.

எங்கள் வண்டியில் பேட்டரி 12.6; பிளஸ் ஒயரில் 0.15, எர்த் பக்கம் 1.4.

எர்த்தைப் பற்றி யாரும் கேட்பதில்லை. பிளஸ் ஒயரில் ஓடுகிற ஒவ்வொரு ஆம்பியரும் மைனஸ் வழியாகத் திரும்பியாக வேண்டும். ஆனால் பிளஸ் சிவப்பாக, உறையோடு, கண்ணுக்குத் தெரிகிறது. மைனஸ் ஒரு பின்னிய பட்டையாகப் போய்ச் சேற்றுக்குள் எங்கோ ஒரு போல்ட்டில் முடிகிறது. சேற்றுழவு வண்டியில் அந்த போல்ட் ஆண்டுக்கு இரண்டு போகம் தண்ணீரில் ஊறுகிறது. எங்களுடையதில் அதைவிட மோசம். முந்தைய ஆண்டு வண்டிக்குப் பெயின்ட் அடித்தபோது பட்டையைக் கழற்றிவிட்டு, கியர்பாக்ஸில் பெயின்ட் காய்ந்தபின் அதன் மேலேயே வைத்து முறுக்கியிருந்தார்கள். போல்ட்டின் மரை வழியாக மட்டும் மின்சாரம் போய்க்கொண்டிருந்தது. புது மோட்டாரும் அதே கதிக்கு உள்ளாகும். அதன் முகப்பில் பெயின்ட் இருந்து, இன்ஜின் பக்கம் துரு இருந்தால் மோட்டாருக்கே எர்த் இல்லை. எர்த் பட்டை பழுதானால் மின்சாரம் வேறு வழி தேடும் என்பதையும் பார்த்திருக்கிறேன். ஆக்ஸிலரேட்டர் கேபிள் வழியாக அது திரும்ப முயன்று, செல்ஃப் அடிக்கும்போதெல்லாம் கேபிள் கையைச் சுட்டது. ஒரு வண்டியில் கேபிளின் பிளாஸ்டிக் உறையே இளகிவிட்டது. செல்ஃப் அடிக்கையில் சம்பந்தமில்லாத இண்டிகேட்டர் மினுங்குவதும் இதே குறிதான்.

உப்புத்தாளால் தேய்த்து இரும்பு பளபளக்கும்வரை பெயின்ட்டை எடுத்து, பட்டையின் லக்கையும் சுத்தம் செய்து, முறுக்கிய பிறகு மேலே கிரீஸ் தடவினோம். பேட்டரிக் கொம்புகளில் பூத்திருந்த உப்பை ஆப்பச் சோடா கரைத்த சுடுநீரால் கழுவினோம். எர்த் பக்கம் 0.1 க்கு இறங்கியது. மோட்டார் ஒரே இழுப்பில் இன்ஜினைச் சுற்றியது.

சின்ன ஒயரின் பழுது வேறு விதம். சாவியைத் திருப்பினால் ஒரே ஒரு 'டக்', அல்லது அதுவும் இல்லை. ஐந்தாறு முறை திருப்பினால் ஒரு முறை எடுக்கும். பழைய மோட்டாரில் இல்லாத இந்தத் தொல்லை புதியதில் தொடங்கினால் புது மோட்டாரைக் குற்றம் சொல்லத் தோன்றும். சாலினாய்டு இழுக்கும் கணத்தில் இந்தச் சின்ன ஒயரில் பத்து ஆம்பியருக்கு மேல், சிலவற்றில் முப்பது வரையும் போகும். புது மோட்டாரின் சாலினாய்டு கொஞ்சம் கூடுதலாகக் கேட்கலாம். பதினைந்து ஆண்டு பழைய சாவி சுவிட்ச், கிளச் சுவிட்ச், நடுவில் மூன்று பிளக்குகள், மெல்லிய நீண்ட ஒயர் என்று ஒவ்வொன்றும் அரை வோல்ட் தின்றால் பேட்டரியின் 12 வோல்ட்டில் 50 ஆம் முனைக்கு ஒன்பதுதான் வந்து சேரும். சாவி சுவிட்சுக்குப் பக்கத்தில் 12 ஐப் பார்த்துவிட்டு நிறுத்திவிடாமல், சாவியைத் திருப்பிப் பிடித்தபடி செல்ஃப் முனையிலேயே அளக்க வேண்டும். இதற்கு நல்ல தீர்வு ஒன்று உண்டு: செல்ஃபுக்குப் பக்கத்தில் 40 ஆம்பியர் ரிலே ஒன்றை ஃபியூஸோடு வைத்து, பழைய சின்ன ஒயர் ரிலேயை மட்டும் இயக்கும்படி செய்வது. பழைய சுவிட்சுகளின் மேல் பாரம் போய்விடும். பாதுகாப்புச் சுவிட்சுகள் வரிசையில் அப்படியே இருக்கும்.

இருக்க வேண்டும் என்றே அழுத்திச் சொல்கிறேன். கிளச் மிதித்தால்தான் எடுக்கும், பின்னால் மாட்டும் கருவியைச் சுழற்றும் பிடிஓ தண்டின் லீவர் விலகியிருந்தால்தான் எடுக்கும் என்ற அமைப்புகளைத் தொந்தரவாக நினைத்து, இரண்டு ஒயரையும் முறுக்கி நேராகச் சேர்த்துவிடுவது நம் பக்கத்தில் சாதாரண வழக்கம். "அது எதுக்குங்க, கட் பண்ணி விட்டரலாம்" என்று எங்கள் வண்டிக்கும் சொன்னார்கள். செல்ஃபின் இரண்டு முனைகளில் ஸ்குரூடிரைவரை வைத்து எடுப்பது இதன் அடுத்த படி. கீழே நின்று, பின்சக்கரத்துக்கு முன்னால் குனிந்து இதைச் செய்கிறோம். கியரில் இருந்தால் வண்டி அந்தக் கணமே நகரும். நாம் நிற்கும் இடமோ சக்கரத்தின் பாதை. டீசல் இன்ஜினுக்கு ஸ்பார்க் தேவையில்லை. நிறுத்தும் லீவர் கம்பியால் இயங்கும் வண்டியில் சாவி மூடியிருந்தாலும் இன்ஜின் பிடித்துவிடும். உலகெங்கும் டிராக்டர் ஏறி உழவர்கள் இறப்பதற்கு நன்கு அறியப்பட்ட காரணங்களில் இதுவும் ஒன்று. தவிர்க்கவே முடியாமல் சோதிக்க வேண்டியிருந்தால், கியரையும் பிடிஓவையும் கையால் ஆட்டிப் பார்த்து, சக்கரங்களுக்குக் கல் கொடுத்து, நீண்ட ஒயர் கொண்ட ரிமோட் சுவிட்சை 50 ஆம் முனைக்கு மாட்டித் தள்ளி நின்று செய்ய வேண்டும். அவசரத்தில் இருக்கும் ஒருவரிடம் இதைச் சொல்வது எளிதல்ல. ஆனாலும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

செல்ஃப் நன்றாகச் சுற்றியும் இன்ஜின் பிடிக்காவிட்டால், சாவியால் நிறுத்தும் வண்டிகளில் டீசல் நிறுத்தும் சாலினாய்டுக்கு மின்சாரம் வருகிறதா என்று முதலில் பார்க்கலாம். செல்ஃப் வேலையில் கழற்றிய பிளக் ஒன்று திரும்பச் சேராமல் இருக்கும். குளிர்காலக் காலையில் மட்டும் திணறினால் ஹீட்டர் பிளக்கின் ஒயர். இவற்றில் ஆராய அதிகம் இல்லை.

சார்ஜ் பழுது அப்படியல்ல. செல்ஃப் மாற்றி ஒரு வாரத்தில் பேட்டரி இறங்கினால், "புது செல்ஃப் பேட்டரியைக் குடிக்குது" என்பார்கள். கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 150 ஆம்பியரில் ஐந்து நொடி செல்ஃப் அடித்தால் செலவு ஏறத்தாழ 0.2 ஆம்பியர் மணி. பத்து ஆம்பியர் சார்ஜ் அதை ஒன்றேகால் நிமிடத்தில் திருப்பிக் கொடுத்துவிடும். ஆனால் சார்ஜ் திரும்பி வராத வண்டியில் இரவில் இரண்டு முகப்பு விளக்கோடு இரண்டு மணி நேரம் ரொட்டவேட்டர் ஓட்டினால் 18 ஆம்பியர் மணி போய்விடும். ஆக, குடிப்பது செல்ஃப் அல்ல; வரவு நின்றிருக்கிறது. டைனமோவின் வரவும் பல வண்டிகளில் அதே செல்ஃப் போல்ட் வழியாகத்தான் பேட்டரிக்குத் திரும்புகிறது என்பதால் மறுபடி அந்த நட்டைத்தான் பார்க்க வேண்டும். இன்ஜின் நடுத்தர வேகத்தில் ஓடும்போது பேட்டரியில் 13.8 க்கும் 14.5 க்கும் இடையே வர வேண்டும். 12.4 இல் நின்றால் சார்ஜ் இல்லை. 15 ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் போய்விட்டது. பேட்டரித் தண்ணீர் கொதித்து வற்றும். இன்ஜின் ஓடும்போது பேட்டரி ஒயரைக் கழற்றி டைனமோவைச் சோதிக்கும் பழைய முறை இன்றைய டயோடு, ரெகுலேட்டர்களைக் கொன்றுவிடும். அதைச் செய்ய வேண்டாம்.

வண்டி சும்மா நிற்கையிலேயே இறங்குகிறது என்றால் மைனஸ் ஒயரைக் கழற்றி, இடையில் ஆம்பியர் மீட்டரை வைத்துப் பார்க்கலாம். சாவியை மட்டும் திருப்பிவிடக் கூடாது, மீட்டர் போய்விடும். மின்னணுச் சாதனம் எதுவும் இல்லாத மினி டிராக்டரில் ஓட்டம் ஏறத்தாழ சுழியமாக இருக்க வேண்டும். அரை ஆம்பியர் காட்டினால் 60 ஆம்பியர் மணி பேட்டரி ஐந்தே நாளில் வெறுமையாகும். ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்து எதில் நிற்கிறது என்று காணலாம். எந்த ஃபியூஸிலும் நிற்காவிட்டால் ஃபியூஸுக்கு முன்னால் சந்தேகிக்க வேண்டியவை பெரும்பாலும் மூன்றுதான்: டைனமோவின் டயோடு, செல்ஃப் போல்ட், இரண்டுக்கும் இடையே எலி கடித்த ஒயர்.

அந்த ஆவணியில் எங்கள் சேற்றுழவு மூன்று நாள் தாமதமாக முடிந்தது. வண்டி சரியாக ஓடிய அன்று மாலை மறுபடி மீட்டரை எடுத்து எல்லா அளவும் பார்த்து, டூல் பாக்ஸ் மூடியின் உட்பக்கத்தில் பெயின்ட்டால் எழுதிவைத்தோம்: ஓய்வில் 12.6, செல்ஃப் அடிக்கையில் 10.6, பிளஸ் ஒயர் 0.15, எர்த் 0.1, ஐம்பதாம் முனை 10.1, சார்ஜ் 14.2. இப்போது ஒவ்வோர் ஆண்டும் வாய்க்கால் திறப்பதற்கு முந்தின வாரம் அதன் கீழ் ஒரு வரி சேர்கிறது. போன ஆண்டு எர்த் 0.3 என்று வந்தது. பட்டையைக் கழற்றித் தேய்த்து மாட்டினோம், 0.1.